பெரிய சர்வரும் வெளியேறும் வழியும்

வணக்கம் ஐயா,

ட்விட்டர் கைமாறியபோது, பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் சமூக வலைத்தளமான மாஸ்டோடனுக்குப் போனேன். யாருக்கும் சொந்தமில்லாத வலைப்பின்னல் என்றார்கள். போய்ப் பார்த்தால் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மாஸ்டோடன்.சோஷியல் என்ற ஒரே சர்வரில் இருக்கிறார்கள். இதுவும் கடைசியில் ஒரு முதலாளியிடம்தான் போய் நிற்குமா?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

சாய்வு அந்தப் பக்கம்தான். மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வகுத்த எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் அனுப்பும் விதிப்படி யார் வேண்டுமானாலும் சொந்தமாக மெயில் சர்வர் நடத்தலாம். நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பேமோடு மல்லுக்கட்ட வேண்டும், கடிதம் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் எல்லாம் சரியாக அமைக்க வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் நம் கடிதம் ஜிமெயில்காரரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழும். அலுத்துப்போய் நாமாகவே ஜிமெயிலுக்குப் போனோம்.

மாஸ்டோடனில் சின்ன சர்வர் நடத்துபவர் பெரும்பாலும் வேறு வேலை பார்க்கிறவர். ராத்திரி 11 மணிக்கு யாரோ யாரையோ திட்டியதாகப் புகார் வந்தால் அவர்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருநாள் போதுமென்று மூடிவிடுவார். அதற்குப் பயந்தே பலர் பெரிய சர்வராகப் பார்த்துச் சேர்கிறார்கள். எந்த சர்வர் என்ற கேள்வியிலேயே புதியவர்கள் திணறியதால் 2023-இல் மாஸ்டோடன் செயலியும் மாஸ்டோடன்.சோஷியலையே முன்னால் நிறுத்தியது.

ஒரு சர்வரில் எத்தனை பேர் என்பதைவிட, கிளம்பினால் எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றுதான் நான் பார்ப்பேன். மாஸ்டோடனில் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் பதிவுகளையும் எடுத்துப் போகலாம்; அந்த வகையில் அது ஒரு படி மேல். ஆனால் அங்கே பெரும்பாலான கணக்குகள் அந்த நிறுவனத்தின் சர்வர்களிலேயே இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில வயதுச் சரிபார்ப்புச் சட்டத்துக்காக அந்த நிறுவனம் அங்கே தன் செயலியை நிறுத்தியது. ப்ளூஸ்கையின் அதே நெறிமுறையில் (தொடர்பு விதிகளில்) ஓடும் வேறு செயலிகளை அந்த முடிவு கட்டுப்படுத்தவில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் ஃபேஸ்புக்கில் நடக்காது.

பெரியவர்கள் கதவைச் சாத்துவதுதான் நிஜமான ஆபத்து. கூகுளின் அரட்டைச் சேவையான கூகுள் டாக் 2006-இல் மற்ற சர்வர்காரர்களோடும் பேசியது. 2013-இல் அதன் இடத்துக்குக் கூகுளின் ஹேங்கவுட்ஸ் வந்தது, அந்தத் தொடர்பு போயிற்று.

நீங்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள், தப்பில்லை. சின்ன சர்வருக்குப் போனால் மட்டும், அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்த உடனே கணக்கை மாற்றிவிடுங்கள். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தால்தான் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள்.