சிறுநீரகத் தமனி சுருங்கினால் ஸ்டென்ட் கட்டாயமா?

உயர் இரத்த அழுத்தத்தோடு சிறுநீரகத் தமனி அடைப்பும் உள்ளவர்கள் கேட்டவற்றுக்குச் சிறுநீரக மருத்துவரின் பதில்கள்.

வயது 68. மூன்று மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் 160. டாப்ளர் ஸ்கேனில் இடது சிறுநீரகத் தமனியில் 70 சதவீத அடைப்பு. உடனே ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் ஐயா. உங்கள் வயதில் இது பெரும்பாலும் கொழுப்புப் படிவு. 2009இல் வெளியான ஆஸ்ட்ரல் ஆய்வில் 806 பேர், 2014இல் வெளியான கோரல் ஆய்வில் 947 பேர். இரண்டிலுமே மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை பெறவில்லை. அடைப்பைப் பார்த்தவுடன் திறக்கத் துடிக்கும் போக்கு எனக்கு உடன்பாடானது அல்ல. ஸ்டென்ட் வைக்கும்போது கொழுப்புத் துகள் சிதறிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். உங்கள் மூன்றில் ஒன்று நீர் பிரியும் மாத்திரைதானா, அளவு போதுமா என்று முதலில் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும்; புகைப்பதை நிறுத்த வேண்டும்.

ஆனால் நுரையீரலில் திடீர் திடீரென நீர் கோத்து மூச்சுத் திணறுபவர்கள், இரு பக்கமும் அடைபட்டுச் சிறுநீரகம் வேகமாகக் கெடுபவர்கள், முழு அளவு மருந்துக்கும் அழுத்தம் அடங்காதவர்கள் தனி ரகம். கடுமையான நிலையில் இருந்த பலர் அந்த ஆய்வுகளில் சேரவே இல்லை. இவர்களுக்கு ஸ்டென்ட்டைத் தயங்காமல் பரிசீலிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ராமிப்ரில் என்ற அழுத்த மாத்திரை தொடங்கியதும், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.1இலிருந்து 1.9 ஆனது. மாத்திரையை நிறுத்திவிட்டோம். அது விஷமாகிவிட்டதா?

இல்லை அம்மா. தமனி சுருங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றும். 1934இல் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியை இறுக்கி, அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். அந்த ரெனின் வழியாகத்தான் வடிகட்டும் அழுத்தமும் காக்கப்படுகிறது. ராமிப்ரில் அதைத் தளர்த்துகிறது. கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொறுக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அதைவிட மிக அதிகம் என்பதால் நிறுத்தியது சரி. இரு தமனிகளும் சுருங்கியிருக்கிறதா என்று இப்போது பார்த்தே ஆகவேண்டும், பொட்டாசியத்தையும் சோதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுருங்கியவர்களுக்கு இதே மாத்திரை நன்மை தரும், தொடங்கிய ஓரிரு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்தால்.

நான் 26 வயதுப் பெண். கொழுப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எனக்கு ஏன் அடைப்பு?

இளம்பெண்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. தமனிச் சுவரின் தசைநார் வளர்ச்சிக் கோளாறாக இருந்தால் பலூனால் தமனியை விரிக்கும் சிகிச்சையே பெரும்பாலும் போதும், ஸ்டென்ட் தேவைப்படாது. பலருக்கு அழுத்தம் நன்கு குறையும். நம் நாட்டில் தக்கயாசு என்ற தமனி அழற்சியையும் மறக்கக் கூடாது. இரு கைகளிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் நாடி மெலிந்திருந்தால் அது முக்கியமான தடயம். அழற்சியை மருந்தால் அடக்கிய பிறகே பலூன். கருத்தரிக்கத் திட்டம் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ராமிப்ரில் வகை மாத்திரைகள் கருவுக்கு ஆகாது.

ஸ்டென்ட் வைத்தபின் மாத்திரையை விட்டுவிடலாமா?

பெரும்பாலும் முடியாது. எண்ணிக்கை குறையலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.