பேய்ப் படங்களுக்கு மட்டும் இந்தியாவில் ஒரு டிவி சேனல் தொடங்க என்னென்ன வேண்டும்?

லைசென்ஸ் வாங்கிவிடலாம். போடுவதற்குப் படம் கிடைப்பதும், போட்டதை நாலு வீட்டில் பார்க்க வைப்பதும்தான் பெரும்பாடு.

லைசென்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் வந்த அப்லிங்கிங் (செயற்கைக்கோளுக்கு அனுப்புவது), டவுன்லிங்கிங் (அங்கிருந்து இறக்குவது) நெறிமுறைகளின்படி, செய்தி அல்லாத முதல் சேனலுக்கு நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாய் இருக்க வேண்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உள்துறையின் பாதுகாப்பு அனுமதியும் உண்டு. கிடைத்தால் 10 ஆண்டு. ஆண்டுக் கட்டணம் அப்லிங்குக்கு 2 லட்சம், டவுன்லிங்குக்கு 5 லட்சம். செயற்கைக்கோளுக்கு அனுப்பும் தரை நிலையமான டெலிபோர்ட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தினமும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி கட்டாயம் என்பதால், பேய் சேனலிலும் விவசாயமோ சுகாதாரமோ வந்தே ஆக வேண்டும்.

இனி படம். 'ஏ' சான்றிதழ் படத்தை டிவியில் போட முடியாது. நல்ல பேய்ப் படங்களில் பல 'ஏ' வாங்கியவை. வெட்டி, மறுதணிக்கைக்கு அனுப்பி யு/ஏ வாங்க வேண்டும். வெட்டுப்படுவது பெரும்பாலும் படத்தின் உயிரான இடங்கள்தான். சொந்தத் தயாரிப்பில் வேறு ஆபத்து. கேபிள் டிவி விதிகள் 1994-இன் 6-ஆம் விதி மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சிகளைத் தடுக்கிறது. கற்பனைக் கதை என்றால் சமாளிக்கலாம். 'உண்மைச் சம்பவம்' என்று போட்டு மந்திரவாதியை உட்கார வைத்தால் புகார் வரும்.

எத்தனை படம் வேண்டும்? விதிப்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் என்றால், 140 நிமிடப் படம் ஒரு 3 மணி நேர ஸ்லாட்டை நிரப்பும். நாளுக்கு 7 படம், மீதி 3 மணி நேரம் பொதுநலம், குறும்நிகழ்ச்சி, டிரெய்லர். மாதம் 210 ஸ்லாட். ஒரு படத்தை மாதம் 4 முறை போட்டாலும் 53 படம் வேண்டும். பழைய படங்களின் சாட்டிலைட் ரைட்ஸ் (டிவியில் போடும் உரிமை) 99 வருடத்துக்கு எப்போதோ கைமாறியிருக்கும், ஒரே படத்தை இரண்டு பேர் விற்க வருவார்கள். தயாரிப்பாளர் தொடங்கி உங்கள் கைக்கு வரும் வரை உள்ள எல்லா லிங்க் டாக்குமென்ட்டையும் நெகட்டிவ் யார் பெயரில் என்று ஃபிலிம் லேப் தரும் லேப் லெட்டரையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் படத்தின் தரம். பேய்ப் படம் என்றால் பாதி இருட்டு. எஸ்.டி (சாதாரணத் தர) சேனலுக்கு விநாடிக்கு 1.5, 2 மெகாபிட் மட்டும் ஒதுக்கினால், படத்தைச் சுருக்கும் என்கோடர் முதலில் காவு கொடுப்பது கறுப்பைத்தான்: சுவர் நிழல் சதுரம் சதுரமாக உடையும், கதவுக்குப் பின்னால் நிற்கும் உருவம் கட்டங்களுக்குள் காணாமல் போகும். பிட்டைச் சேனல்களுக்குள் தேவைக்கேற்பப் பங்குபோடும் ஸ்டாட்மக்ஸில் மற்ற சேனல்களோடு சேர்ந்து போகும்போது நிலைமை இன்னும் மோசம். பக்கத்து சேனலில் கிரிக்கெட் ஓடினால் பிட்டெல்லாம் அங்கே போய்விடும். குறைந்தபட்ச பிட்ரேட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒலியும் அப்படித்தான். தியேட்டர் மிக்ஸை அப்படியே விட்டால் கிசுகிசுப்பு கேட்காது, அலறலுக்குக் குழந்தை எழுந்துவிடும். தானியங்கி லெவலரிடம் விட்டால் அலறலும் வசனமும் ஒரே சத்தம், திடுக்கிடவே முடியாது. முழுப் படத்துக்கும் சராசரி மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) வைத்து, கையால் ஒரு டிவி மிக்ஸ் போடுவதே வழி.

விநியோகத்தில், கேபிள், டிடிஎச்காரர்களுக்குக் உங்கள் சேனலை எடுத்துச் செல்வதற்கான கேரியேஜ் கட்டணம் நீங்கள் தர வேண்டும். அதற்கிருந்த பல உச்சவரம்புகளை 2024-இல் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எடுத்துவிட்டு, ஒரே உச்சவரம்பாக ஆக்கிவிட்டது. குழந்தைப் பொருள் விளம்பரதாரர்கள் பேய் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 2007-இல் வந்த பேய் சேனல் சில்லர் 2017-இல் மூடப்பட்டது. அங்கேயே இன்னொரு சேனலான ஃபியர்நெட் 2014-இலேயே போய்விட்டது. பிரிட்டனின் ஹாரர் சேனல் 2022-இல் லெஜண்ட் என்று பெயரையே மாற்றிக்கொண்டது.

ஆகவே என் பரிந்துரை: எடுத்த எடுப்பில் சாட்டிலைட் வேண்டாம். ஸ்மார்ட் டிவிகளில் வரும் இலவச ஃபாஸ்ட் சேனலாக (இணையம் வழி, விளம்பரத்தோடு ஓடுவது) தொடங்குங்கள். இணைய சர்வரிலிருந்தே நிகழ்ச்சிகளை ஓட்டும் கிளவுட் பிளேஅவுட் போதும், டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் இடம்) வாடகை கிடையாது. ஆனால் சாட்டிலைட் ரைட்ஸ் இதற்குச் செல்லாது. டிஜிட்டல் ரைட்ஸ் தனியாக வாங்க வேண்டும், விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் உரிமை என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ஆறு மாதம் ஓட்டி, எந்தப் படத்தை எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்ற கணக்கு கையில் வந்த பிறகு 5 கோடியைப் பற்றிப் பேசலாம்.