ஜியோலைட் ஒய்-ல நீல கலர் வரல: எலக்ட்ரான் தாவலையா, இல்ல மூலக்கூறு உள்ளயே போகலையா?

ப்ரோ, ரெடிமேட் ருத்தேனியம் ட்ரிஸ்பைபிரிடின் (லைட் பட்டா எலக்ட்ரானைக் கொடுக்கிற ஆரஞ்சு காம்ப்ளக்ஸ்) கரைசல்ல ஜியோலைட் ஒய் (உள்ள குட்டிக் குட்டி கூண்டா இருக்கிற துளைக் கனிமம்) பவுடரைப் போட்டு ராத்திரி முழுக்க கலக்குனேன், ஆரஞ்சாச்சு, அப்புறம் மெத்தில் வயலஜன் (எலக்ட்ரானை வாங்குனா நீலமாகுறது) ஏத்தி லைட் அடிச்சா நீலமே வரலன்னு எழுதியிருக்கீங்க. எனக்கென்னவோ அந்த ஆரஞ்சு வெளித்தோல்ல ஒட்டுனதுதான்னு தோணுது. கூண்டு உள்ள சுமார் 13 ஆங்ஸ்ட்ராம் இருக்கும், ஆனா வாசல் 7.4 தான், உங்க காம்ப்ளக்ஸோ கிட்டத்தட்ட 12, எப்படி நுழையும் சொல்லுங்க. கொஞ்சம் பவுடரை கெட்டியான உப்புத் தண்ணில கலக்கி வடிகட்டிப் பாருங்க, வடிஞ்ச தண்ணி ஆரஞ்சா இருந்தா அதேதான்.

பாட்டிலுக்குள்ள கப்பல் கட்டுற மாதிரி காம்ப்ளக்ஸை கூண்டு உள்ளேயே கட்டணும். முதல்ல ருத்தேனியம் ஹெக்ஸாஅமீனை அயனி மாத்தி (ஜியோலைட்ல இருக்கிற அயனிக்குப் பதிலா) ஏத்துங்க, அது சின்னது, போயிடும். நல்லா காயவெச்சு பைபிரிடினோட சேர்த்து மூடின குழாய்ல 200 டிகிரி கிட்ட ஒரு நாள் சூடு பண்ணுங்க, மிச்ச பைபிரிடினை சாக்ஸ்லெட்ல (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு கழுவுற கண்ணாடிக் கருவி) எத்தனால் விட்டு கழுவுங்க. ரொம்ப ஏத்தாதீங்க, கூண்டெல்லாம் அடைச்சுக்கிட்டா வயலஜன் போக வழி இருக்காது.

வயலஜனை மட்டும் தாராளமா ஏத்துங்க, ஏன்னா பக்கத்து கூண்டுக்கு தாவுன எலக்ட்ரான் உடனே திரும்பி வந்துடும், வரிசையா வயலஜன் இருந்தாதான் தள்ளித் தள்ளிப் போய் தங்கும். அப்புறம் லைட் அடிச்சது திறந்த காத்துலயா? அப்படின்னா ஆக்ஸிஜன் நீலத்தை முழுங்கிடும், ஆர்கான் விட்டு அடிங்க, 605 நானோமீட்டர் பக்கம் பட்டை எழுதான்னு பாருங்க. ஆங், கையுறை போடுங்க, இந்த மெத்தில் வயலஜன் பாராகுவாட் களைக்கொல்லியேதான், விஷம்.