தானமாக வரும் டைப்ரைட்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மாணவர்கள் திரை இல்லாமல் எழுதிப் பழக, பழைய டைப்ரைட்டர்களை நன்கொடையாகத் திரட்ட நினைக்கிறேன். வகுப்பில் 24 பேர். எத்தனை தேவைப்படும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆறு போதும். 24 மெஷின்கள் ஒரே அறையில் ஓடினால் நீங்கள் பேசுவது உங்களுக்கே கேட்காது. ஆறு பேர் அடிக்கட்டும், மற்றவர்கள் கையால் வரைவு எழுதிக்கொண்டு முறைக்குக் காத்திருக்கட்டும்.

"பழைய டைப்ரைட்டர் இருந்தால் கொடுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், பரணைக் காலி செய்ய நினைப்பவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். மின்சாரம் வேண்டாத, கையால் இயங்கும் மெஷின் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பக்கப் படம் ஒன்று, மேல்மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்று, முடிந்தால் அதில் அடித்த ஒரு வரி. இவ்வளவு வந்தாலே பாதி தெரிந்துவிடும். எழுத்துக் கம்பிகள் (கீயை அடித்தால் எழும்பும், நுனியில் எழுத்து பொறித்த கம்பிகள்) துருவேறியிருந்தாலோ, ஒன்றிரண்டு காணாமல் போயிருந்தாலோ நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அப்படி ஒன்றை மட்டும் வேண்டுமானால் வாங்கலாம், பிள்ளைகள் பிரித்துப் பார்க்க.

"ஓடவில்லை" என்று கொடுக்கப்படும் மெஷின்களில் பல நன்றாகவே இருக்கும். கேரேஜ், அதாவது காகிதத்தோடு பக்கவாட்டில் நகரும் மேல்பகுதி, நகரவில்லையா? ஓரத்தில் பூட்டு லீவர் இருக்கிறதா பாருங்கள். எழுத்து விழவில்லையா? ரிப்பன் (மை நாடா) நிறம் மாற்றும் லீவர் ஸ்டென்சில் நிலையில், அதாவது மையில்லாமல் மெழுகுத்தாளில் அடிக்கும் நிலையில் இருக்கலாம், அங்கே ரிப்பன் மேலே எழும்பாது. வரியின் கடைசியில் கீ அடிபடவில்லை என்றால் மார்ஜின் வந்துவிட்டது, அவ்வளவுதான். பூட்டு இல்லாமலும், கீ அடித்தால் கேரேஜ் தானாக நகராமல் கையால் தள்ளினால் மட்டும் நகர்ந்தால், அதை இழுக்கும் பட்டை அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். பொறுமையும் நல்ல உறுதியான கயிறும் இருந்தால் அதையும் சரிசெய்யலாம். உச்சரிப்புக் குறி, மெய்யெழுத்துப் புள்ளி அடிக்கும் கீகள் சிலவற்றில் கேரேஜ் நகராது. அது பழுதில்லை, அதே இடத்தில் அடுத்த எழுத்து விழுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கீ அழுத்தினால் மெல்ல மெல்லத் திரும்புகிறதா? பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். உடனே கை எண்ணெய்க் குப்பியைத் தேடும், தேடாதீர்கள். எழுத்துக் கம்பிகள் நுழையும் அரைவட்டப் பள்ளங்களில் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் பறக்கும், அப்புறம் தூசி சேர்ந்து முன்பைவிட மோசமாகும். பழைய பல் துலக்கும் பிரஷில் கொஞ்சம் மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) தொட்டுத் தேய்த்து, கீயை முப்பது நாற்பது தடவை அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். தீப்பிடிக்கும் திரவம் அது. பிள்ளைகள் இல்லாத நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

ரிப்பனில் ஒரு எச்சரிக்கை: ரிப்பன் சுற்றியிருக்கும் பழைய உருளையைத் தூக்கி எறியாதீர்கள். ரிப்பனின் அகலம் பெரும்பாலும் அரை அங்குலம்தான், ஆனால் உருளை மெஷினுக்கு மெஷின் மாறும். புது ரிப்பனைப் பழைய உருளையிலேயே சுற்றிவிடலாம். காகிதம் சுற்றும் ரப்பர் ரோலர் கல்லாகியிருந்தால், பின்னால் இன்னொரு தாளையும் சேர்த்துச் செருகுங்கள். சத்தம் குறையும், எழுத்தும் காகிதத்தை ஓட்டை போடாது.

கொண்டுவரும் வழியில்தான் அதிகம் கெடுகிறது. எனக்கு ஒருமுறை பார்சலில் வந்தது, கேரேஜைக் கட்டாமலே அனுப்பியிருந்தார்கள். வந்து சேர்ந்தபோது ஒரு பக்கம் வளைந்திருந்தது. கேரேஜை நடுவில் நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள், தூக்கும்போது அடிப்பாகத்தைப் பிடியுங்கள். ஆபீஸ் மெஷின் 12 கிலோவுக்கு மேல்கூட இருக்கும், ஆடாத மேசை வேண்டும். பெட்டிக்குள் மறந்துபோன கடிதமோ படமோ இருந்தால் கொடுத்தவரிடமே சேர்த்துவிடுங்கள்.

சரி, வகுப்பில் முதல் நாள் என்ன நடக்கும்? "டீச்சர், ஒன்று என்ற எண்ணே இல்லை" என்பார்கள். பல பழைய ஆங்கில மெஷின்களில் சின்ன எழுத்து எல்தான் ஒன்று. ஆச்சரியக்குறிக்கு ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, ஒரு படி பின்னால் போய், கீழே புள்ளி வைக்க வேண்டும். இதற்காகவே சிலர் ஆச்சரியப்படுவதைக் குறைத்துக்கொள்வார்கள். அடுத்து, இரண்டு கீயை ஒரே நேரத்தில் அடித்து கம்பிகளைச் சிக்க வைப்பார்கள். தட்டியோ குத்தியோ பிரிக்காமல், மேலே இருக்கும் கம்பியை விரலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.