பருப்பு வேகாத தண்ணியும் பாத்ரூம் கண்ணாடியும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: குளியலறைக் கண்ணாடிக் கதவு வெளுத்துப் போச்சு, என்ன செய்ய? பாளையங்கோட்டைப் பக்கம் இந்தக் கதவுகளை மாட்டுவதும், மாட்டியதைச் சுத்தம் செய்து கொடுப்பதும்தான் என் பிழைப்பு. யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "உங்க வீட்டுத் தண்ணியில் பருப்பு வேகுதா?" என்றுதான். கண்ணாடியைப் பற்றிக் கேட்டால் பருப்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலர் முழிப்பார்கள். ஆனால் பருப்பு வேகாத தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், பாதி வைத்தியம் அந்தப் பதிலில் இருக்கிறது.

அண்ணாச்சி, வீடு கட்டி எட்டு மாசந்தான் ஆகுது. போர் தண்ணி. ஷவர் கண்ணாடி பூராவும் வெள்ளைப் புள்ளி. தினமும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், காய்ந்ததும் மறுபடி தெரியுது. பிளம்பர் ஆசிட் ஊத்தச் சொல்றார். ஊத்தலாமா? – வாசகி, கே.டி.சி. நகர்

வேண்டாம். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். குளித்து முடித்ததும் கண்ணாடியில் நிற்கிற ஒரே ஒரு சொட்டை, காயும் வரை பாருங்கள். நடுவில் சுருங்கிக்கொண்டே வரும். ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை வளையம் நின்றுவிடும். தண்ணீர் போய்விட்டது, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு போகவில்லை. நாளைக்கு அதன் மேலேயே இன்னொரு சொட்டு நிற்கும். அது அழுக்கு இல்லை, கல். அதனால்தான் சோப்புக்கு அசையவில்லை.

நம் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே கிடையாது. தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்ததே கீழே சுண்ணாம்புக்கல் கிடந்ததால்தான். குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்புக் கணக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அந்த 600 தண்ணீரில் குளிக்கிறீர்கள், தினமும் 100 மில்லி கண்ணாடியிலேயே காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 60 மில்லிகிராம். வருஷத்துக்கு ஏறக்குறைய 22 கிராம் சுண்ணாம்பை ஒரு கதவில் பூசியிருப்பீர்கள். இதில் நீங்கள் தேய்க்கிற சோப்பு வேறு. சோப்புக் கட்டியும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறும். விரலை வைத்து இழுத்தால் மெழுகு மாதிரி கோடு விழுகிறதே, அதுதான்.

ஆகவே இரண்டு கட்டமாகப் போங்கள். முதலில் பிசுக்கு: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் விளக்கும் திரவத்தைக் கலந்து, மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டாம். அப்புறம் கல்: அரை லிட்டர் தண்ணீரில் 25 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் தூளைக் கரையுங்கள். கடையில் வாங்கும் வெள்ளை வினிகரும் சரிதான். ஆனால் தெளித்தால் மட்டும் போதாது, நிற்கிற கண்ணாடியில் எல்லாம் வழிந்து தரைக்குப் போய்விடும். பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துக் கண்ணாடியில் அப்பளம் மாதிரி ஒட்டிவிடுங்கள். தானாகவே ஒட்டி நிற்கும். கால் மணி நேரம் விடுங்கள், காய விடாதீர்கள். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், கனமாகப் படிந்த இடத்தில் பொடிப் பொடியாக நுரை வருவது தெரியும். சுண்ணாம்பு கரைந்து வாயு வெளியேறுகிறது என்று அர்த்தம். தேய்த்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை.

தரை கடப்பா கல்லோ மார்பிளோ என்றால் முதலில் அதை நனைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துக்கொள்ளுங்கள். அவை இரண்டுமே சுண்ணாம்பு வம்சம். கண்ணாடிக் கறையைத் தின்கிற புளிப்பு, அவற்றையும் தின்றுவிடும்.

சரி, ஆசிட்டுக்கு வருகிறேன். பாத்ரூம் ஆசிட் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. கதவைத் தாங்குகிற கீல், கைப்பிடி, டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட் எல்லாவற்றையும் செய்யும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஊற்றியவன்தான். கண்ணாடி பளபளத்தது, வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றே நாளில் கீல் இரண்டும் பழுப்புப் புள்ளி தட்டி, தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. புதுக் கீல் என் கைக்காசு.

இவ்வளவும் முடிந்த பிறகு தினமும் செய்ய வேண்டியது ஒரு நிமிஷ வேலை. குளித்ததும் கை வைப்பரால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, பிறகு காய்ந்த குத்தாலத் துண்டால் ஓரத்தையும் கீழ்ப் பட்டியையும் ஒரு ஒற்று. வைப்பரை உள்ளேயே ஆணியில் மாட்டுங்கள். வெளியே இருந்தால் ஈரத்தோடு யாரும் போய் எடுக்க மாட்டார்கள்.

ஆறு வருஷக் கதவு. வினிகர், எலுமிச்சை உப்பு எல்லாம் பார்த்தாச்சு. தண்ணி பட்டால் தெளிவா இருக்கு, காய்ந்தா மூட்டம். புதுசு மாத்தணுமா? – வள்ளியூர்

தண்ணீர் பட்டதும் தெளிவது வெறும் சுண்ணாம்புக்கும் நடக்கும், ஆகவே அதை வைத்து முடிவு செய்ய முடியாது. துணி ஒட்டும் வைத்தியத்தை ஒரு சாண் இடத்தில் மட்டும் இரண்டு தடவை செய்யுங்கள். காய்ந்த பிறகு நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் இன்னும் படிவு இருக்கிறது, தொடர்ந்து செய்யலாம். வழுவழுவென்று இருந்தும் மூட்டம் போகவில்லையென்றால் இரண்டில் ஒன்று. போர் தண்ணீரில் வரும் சிலிக்கா, அதாவது மணல் சத்து, மெல்லிய படலமாக ஒட்டியிருக்கலாம், அது வினிகருக்கு மசியாது. இல்லையென்றால் வருஷக்கணக்கில் ஈரம் நின்று நின்று கண்ணாடியின் மேல்தோலே அரித்திருக்கலாம்.

இரண்டுக்கும் சீரியம் ஆக்சைடு பாலிஷ் உண்டு. தூளைத் தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் பட்டையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மெஷினில் தேய்ப்பவர் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் கண்ணாடி சூடேறிவிடும், ஆகவே கை பழகியவரிடம் விடுங்கள். லேசான மூட்டம் போகும். ஆழமாக அரித்தது போகாது. நானாக இருந்தால் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு மூலையைத் தேய்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தக் கூலியைப் பேசுவேன்.

ஆப்பச் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊத்தினா பளிச்சுன்னு ஆகும்னு வீடியோல காட்டுறாங்களே? – சங்கரன்கோவில்

நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். சோடா காரம், வினிகர் புளிப்பு, இரண்டும் அடித்துக்கொண்டு ஒன்றையொன்று தீர்த்துவிடும். மிஞ்சுவது உப்புத் தண்ணீர். உங்கள் கண்ணாடியில் ஏற்கெனவே அதுதான் பிரச்சினை! வினிகரைத் தனியாக ஊற்றுங்கள், சோடாவை ஆப்பத்துக்கு வையுங்கள்.

குத்தாலத்தில் காட்டேஜ் நடத்துகிறோம். சீசன் முடிஞ்சதும் கண்ணாடிக் கதவெல்லாம் மங்கல், அடியில் ரப்பர் பூராவும் கறுப்பு. எலுமிச்சை உப்பு போட்டும் பிரயோஜனம் இல்லை. – தென்காசி

இருக்காது. உங்களுக்கு வருவது மலைத் தண்ணீர், கருங்கல்லில் உருண்டு வருவது, அதில் சுண்ணாம்பு சொற்பம். உங்கள் கண்ணாடியில் இருப்பது எண்ணெய். அருவிக்கு முன்னால் மசாஜ், அறைக்கு வந்து ஷாம்பு, நல்லெண்ணெய் தெறிக்கிற தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியில்தான் உட்காரும். எண்ணெய்க்குப் புளிப்பு எதிரி இல்லை. சுடுதண்ணீரும் பாத்திரத் திரவமும் போதும். இரண்டு தடவை, இரண்டாவது தடவை புதுத் தண்ணீரில். கொஞ்சம் சீயக்காய்த் தூளைக் குழைத்துப் போட்டாலும் எண்ணெய் போகும். ஆனால் நன்றாகச் சலித்த தூளாக இருக்கட்டும், திப்பி இருந்தால் கீறும்.

ரப்பர் பீடிங்கில் கறுப்பு, பூஞ்சை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலில் எதுவும் காய்வதில்லை, கதவை வேறு சாத்தி வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். பிளீச்சிங் திரவத்தைத் தண்ணீர் கலந்து டிஷ்யூவில் நனைத்து, பீடிங் மேல் பத்து நிமிஷம் வைத்துக் கழுவுங்கள். உள்ளே ஊறிப்போன கறுப்பு என்றால் பீடிங்கை உருவிவிட்டுப் புதிது போடுங்கள், அது கதவு விலையில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

இதை உங்கள் வேலையாட்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்: பிளீச்சிங்கும் ஆசிட்டும், பிளீச்சிங்கும் வினிகரும் ஒரே நாளில் அந்த அறைக்குள் போகக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது மூச்சையே பிடித்துவிடும்.

பிளேடு வைத்துச் சுரண்டலாமா? – அம்பாசமுத்திரம்

ஜன்னல் கண்ணாடியில் பெயிண்டைச் சுரண்டுகிற பழக்கத்தில் கேட்கிறீர்கள் போல. ஷவர் கதவு டெம்பர்டு கண்ணாடி, அதாவது சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது, பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீட்டர். சூளையில் போடும்போது அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டியிருக்கலாம். பிளேடு அதில் ஒன்றைப் பெயர்த்து, அடுத்த அரையடிக்கு இழுத்துக்கொண்டே போகும். கீறல் விழுந்தால் விழுந்ததுதான். ஓரங்களில் இன்னும் கவனம். இந்தக் கண்ணாடி நடுவில் குத்து தாங்கும், ஓரத்தில் ஒரு தட்டு தாங்காது, மொத்தமாகக் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும்.

சாஃப்ட்னர் வைத்தால் இந்தத் தொல்லை தீருமா? ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர் போதும்கிறாங்களே. – திசையன்விளை

சாஃப்ட்னர் டேங்கில் இருக்கும் பிசின் மணிகள் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். இந்தக் கழுவலை மறப்பவர்கள்தான் அதிகம், மறந்தால் அது வெறும் டேங்க். ஒழுங்காக ஓட்டினால் சோப்பு நுரைக்கும், ஹீட்டர் நீடிக்கும், கண்ணாடியில் புள்ளி விழுந்தாலும் ஈரத்துணிக்கே போய்விடும். புள்ளியே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உப்பின் மொத்த அளவு குறைவதில்லை, ஆள் மட்டும் மாறுகிறது. கண்ணாடிக்காக மட்டும் வாங்குவதென்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணி என்றால் வாங்கலாம்.

ஷவர் முனையில் மாட்டுகிற குட்டி டப்பாவில் அத்தனை சுண்ணாம்பைப் பிடிக்கும் அளவுக்குச் சரக்கு கிடையாது. அதைவிட ஒரு சும்மா கிடைக்கிற யோசனை: ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடியுங்கள். அதில் சுண்ணாம்பு அநேகமாக இல்லை. வாரம் ஒரு நாள் கண்ணாடியைக் கடைசியாக அதில் துடைத்தால் புள்ளி விழாது.

எங்க ஊரு ஆத்துத் தண்ணி. பருப்பு அரை மணியில் பூவா வெந்துரும். மகன் பாத்ரூமுக்குக் கண்ணாடி போடணும்ங்கான், எனக்கு வயசு எழுபத்திரண்டு. சரிப்படுமா தம்பி? – ஒரு ஆச்சி, கல்லிடைக்குறிச்சி

ஆச்சி, தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டுக்குத்தான் கண்ணாடிக் கதவு பொருத்தம். அல்வாவுக்கு ருசி வருவதே அந்தத் தண்ணீரால்தான் என்று சொல்கிறவர்கள் நாம். உங்களுக்குக் கல் படியாது, சோப்புப் பிசுக்கு மட்டும்தான், அதுவும் வாரம் ஒரு தடவை கழுவினால் போகும்.

ஆனால் மகனிடம் மூன்று விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கட்டும், உள்ளே யாராவது விழுந்துவிட்டால் தள்ளித் திறக்கிற கதவு அவர் மேலேயே முட்டும். வாசலில் உயரமான கல் பட்டி வேண்டாம், கால் தடுக்கும். கண்ணாடியில் மாட்டிய கைப்பிடி கதவைத் திறப்பதற்குத்தான், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கூடாது. பிடித்து எழுவதற்குச் சுவரில் தனியாக ஒரு எஸ்.எஸ். கம்பியை ஆழமாகப் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் நீங்கள் தொங்கிப் பார்க்க வேண்டாம், மகனைத் தொங்கச் சொல்லுங்கள்.