மிமிக், இமிடேட், எமுலேட்: எது எங்கே?

பிளஸ் டூ மாணவர்: மிமிக், இமிடேட் இரண்டும் ஒன்றுதானே?

இமிடேட் பொதுச்சொல். நடை, உடை, பேச்சு, எழுத்து என எதைப் பார்த்துச் செய்தாலும் பொருந்தும். மிமிக் அதைவிடக் குறுகியது. குரல், முகபாவம், அசைவு ஆகியவற்றை அச்சு அசலாகச் செய்து காட்டுவது. பெரும்பாலும் கேலியும் கலந்திருக்கும். தலைமையாசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தொண்டையைச் செருமி, 'சைலன்ஸ்!' என்பதை ஒருவன் கடைசி பெஞ்சில் செய்து காட்டினால் அது மிமிக். அவர் கரும்பலகையில் எழுதும் அழகைப் பார்த்துத் தன் கையெழுத்தையும் அப்படியே மாற்றிக்கொண்டால் இமிடேட். 'ஏப்' என்றும் ஒரு வினை உண்டு. அது குரங்குத்தனம் என்று ஏளனமாகச் சொல்வது, யோசித்துப் பயன்படுத்துங்கள்.

வேலை தேடுபவர்: 'ஐ வான்ட் டு மிமிக் மை சீனியர்ஸ்' என்று இன்டர்வியூவில் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம்! சீனியர்களுக்குப் பழிப்புக் காட்டப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே 'எமுலேட்' சொல்லுங்கள். ஒருவரை மதித்து, அவர் அளவுக்கு, முடிந்தால் அவரையும் மிஞ்சி வர முயல்வது எமுலேட்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: மிமிக்குடன் இடி (ed), ஐஎன்ஜி (ing) சேரும்போது கே எங்கிருந்து வருகிறது?

ஆங்கிலத்தில் சி-க்குப் பின் இ, ஐ வந்தால் பொதுவாக 'ஸ' ஒலி வரும். கே இல்லாமல் எழுதினால் 'மிமிஸ்ட்' என்று வாசிக்கத் தோன்றும். 'க்' ஒலியைக் காப்பாற்றத்தான் நடுவில் கே போடுகிறார்கள். பிக்னிக், பானிக், டிராஃபிக் எல்லாவற்றுக்கும் இதே விதி. மிமிக்ரியில் சி-க்குப் பின் ஆர் வருவதால் அந்தச் சிக்கலே இல்லை, கே-யும் இல்லை. தேர்வில் கேட்க வாய்ப்புள்ள இடம் இதுதான். நிகழ்காலத்தில் 'மிமிக்ஸ்' என்பதற்கும் கே வராது.

ஆசிரியை: 'மைமிக்' என்று சில மாணவர்கள் வாசிக்கிறார்களே?

பேசாமல் நடிப்பது மைம். அந்தப் பழக்கத்தில் வருவது. மிமிக் என்பதே சரி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நடிகனைக் குறிக்கும் 'மிமோஸ்' என்ற கிரேக்கச் சொல்.

லண்டனில் இருப்பவர்: 'ஹி டஸ் மிமிக்ரி' என்றால் இங்கே விழிக்கிறார்கள்.

அது நம்மூர் ஆங்கிலம். அங்கே 'ஹி டஸ் இம்ப்ரெஷன்ஸ்' என்பார்கள். நாம் பலகுரல் கலைஞர் என்பவர் அங்கே இம்ப்ரெஷனிஸ்ட். 'ஹி இஸ் எ குட் மிமிக்' என்றாலும் புரியும். இங்கே மிமிக் பெயர்ச்சொல்.

ஒரு வாசகர்: அப்பாவின் மருத்துவமனைச் சீட்டில் 'ஸ்ட்ரோக் மிமிக்' என்று இருக்கிறது. நடிக்கிறார் என்று அர்த்தமா?

ஐயோ, இல்லை. பக்கவாதம் போலவே தோன்றும் வேறு பிரச்சினை என்று பொருள். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைவது, வலிப்பு, சிலவகை ஒற்றைத் தலைவலி ஆகியவை அப்படித் தோன்றக்கூடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலே மிமிக் என்று சொல்லிவிடலாம். ஆனால் வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ அது எது என்று வீட்டில் ஆராய வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

விலங்கியல் மாணவி: பாடத்தில் வரும் மிமிக்ரிக்கு நம் ஊர் உதாரணம் உண்டா?

வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலேயே உண்டு. அதில் முட்டையிடும் காமன் மார்மன் வண்ணத்துப்பூச்சியைக் கவனியுங்கள். ஆண் கறுப்பு; பின்சிறகில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை காமன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சி போலவும், மற்றொன்று கிரிம்சன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சி போலவும் இருக்கும். அந்த ரோஸ் இரண்டும் புழுவாக இருக்கும்போது ஆடுதின்னாப்பாலை போன்ற நச்சுச்செடிகளைத் தின்று வளர்வதால் பறவைகளுக்கு ஆகாது. நச்சில்லாத மார்மன் பெண் அந்தச் சாயலைக் காட்டியே தப்பிக்கிறது. அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை வைத்து இயற்கை ஆய்வாளர் ஹென்றி பேட்ஸ் 1862-ல் இதை விளக்கினார். அதனால் இதற்கு பேட்ஸியன் மிமிக்ரி என்று பெயர். இரண்டு இனமும் நச்சுள்ளவையாக இருந்து ஒன்றுபோல் தோன்றினால் அது முல்லேரியன்.

ரோஸ்களை அடையாளம் காண உடலைப் பாருங்கள். அவற்றின் உடல் சிவப்பாக இருக்கும், மார்மனுக்குக் கறுப்பு.