அம்மாவைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு 37 வயது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊரில் பொது வீட்டுக்குப் பங்கு பிரிந்து, பழுதுபார்த்துக் குடியேறிய பிறகு, 41 வயதில் பிள்ளை பெறலாம் என்றிருக்கிறோம். என் அப்பத்தா 42 வயதில் எட்டாவதாக என் அப்பாவைப் பெற்று, 97 வயது வரை வாழ்ந்தார். தாமதமாகப் பெற்றால் ஆயுள் கெட்டி என்று ஆராய்ச்சியும் சொல்கிறதாமே? 43 வயதிலேயே மாதவிடாய் நின்று, இடுப்பு வலியோடு கிடக்கும் அம்மாதான் அவசரப்படுத்துகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அம்மாவுக்குச் சொல்லும் பதில் இருக்கட்டும். அவரைக் குறை சொல்ல எழுதிய வரியை மறுபடி படியுங்கள். 43 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது! உங்கள் கடிதத்தில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். தாய்க்குச் சீக்கிரம் நின்றிருந்தால் மகளுக்கும் அப்படி நிற்க வாய்ப்பு அதிகம். நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே கருத்தரிக்கும் திறன் இறங்கத் தொடங்கிவிடும். 41 என்று எந்த தைரியத்தில் நாள் குறித்தீர்கள்?

பங்குக் கணக்குப் பார்க்கிறவர்தானே நீங்கள்? அப்பத்தாவின் மரபணுவில் உங்களுக்கு ஏறத்தாழக் கால் பங்கு. அம்மாவிடமிருந்து பாதி. அந்தப் பாதியை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 33 வயதுக்குப் பிறகு இயற்கையாகக் கடைசிப் பிள்ளையைப் பெற்றவர்கள், 29க்குள் பெற்று முடித்தவர்களைவிட, 95 வயதை எட்டும் வாய்ப்பு இரு மடங்கு என்றார்கள். அது கடைசிப் பிள்ளையைப் பற்றிய கணக்கு. நீங்கள் முதல் பிள்ளையையே தள்ளிப்போடுகிறீர்கள். தாமதத்தால் அவர்களுக்கு ஆயுள் கூடவில்லை; உடல் மெல்ல மூப்படையும் மரபு வாய்த்ததால் இரண்டும் கூடி வந்திருக்கலாம். ஆயுளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். உங்கள் அப்பத்தா காத்திருந்து பெற்றவர் அல்லர், ஏழு பெற்று எட்டாவது பெற்றவர்.

பங்கு பிரியாமல் தலைமுறைக் கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனை! வளவும் முகப்பும் இன்னும் பத்தாண்டு நிற்கும். அதற்காகப் பிள்ளையை நிறுத்தி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையே வேண்டாம் என்பது உங்கள் மனமானால், அதை அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள். அப்பத்தாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

வேண்டும் என்றால், இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருமுட்டை இருப்பைக் காட்ட ஏஎம்எச் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உண்டு. கணவரை விடுப்பு எடுத்து வரச் சொல்லுங்கள், அவருக்கும் பரிசோதனை தேவை. அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். அத்தனை சீக்கிரம் மாதவிடாய் நின்றவருக்கு எலும்பு வலுவிழக்கும். இதுவரை யாரும் அவருக்கு எலும்பு அடர்த்தி பார்க்கவில்லை என்றால், அதில் உங்கள் பிழையும் இருக்கிறது.